உலகம்மாள் வீட்டுக்காரர்

சத்தியம். சத்தியம். மூணாம் தடவையும் சத்தியம். இதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தால் என் நாக்கு அழுகி இந்த மேசை மேலேயே விழட்டும். நீங்கள் சிரிப்பது தெரிகிறது. இந்த நாக்கின் மேல் நான் பண்ணாத சத்தியமா, நாக்கு அழுகவா செய்தது? முப்பத்தோரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்து, "இந்தா பாளையங்கோட்டை தாண்டிட்டான், பத்து நிமிஷம்" என்று ஆயிரம் பேரிடம் சத்தியம் பண்ணியவன் நான். பாபநாசம் வண்டியில் முதலை ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டது என்று சொல்லி ஒரு கலெக்டர் ஆபீஸ் கிளார்க்கை அரைமணி நேரம் நம்ப வைத்தவன் நான். அதனால் இன்றைக்கு நாக்கு வேண்டாம், வேறு எதன் மேலாவது அடிப்போம் என்று உலகம்மாள் பேரைச் சொல்லிக் கை தூக்கினேன். கை பாதியிலேயே நின்றுவிட்டது. இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. சரி, தாமிரபரணித் தண்ணீர் மேல் சத்தியம். அது என் பொய் எல்லாவற்றையும் குடித்துப் பழகினது.

இன்றைக்குக் காலை ஒன்பதே முக்கால். ஸ்கேன் சென்டரின் நீலப் பிளாஸ்டிக் நாற்காலி, நாலு நாற்காலி சேர்ந்த வரிசை, யார் ஒருத்தர் அசைந்தாலும் நாலு பேரும் ஆட வேண்டும். உலகம்மாள் உள்ளே போய் எவ்வளவு நேரமாச்சு என்று தெரியவில்லை. ஊருக்கே நேரம் சொன்னவனுக்குத் தெரியவில்லை. வெறும் வயிற்றோடு வந்து, மருந்து கலந்த தண்ணீரை ஒரு பாட்டில் குடித்து, "கழுதை மூத்திரம் இதைவிட நல்லாருக்கும், குடிச்சுப் பாத்தாதான் தெரியும்" என்று அந்த வெள்ளைக் கோட்டுப் பெண்ணைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் போனாள். போகும்போது அந்தப் பெண், "கழுத்துல காதுல உள்ளதெல்லாம் கழட்டிருங்கம்மா" என்றாள். கம்மல் வந்தது. மூக்குத்தி மல்லுக்கட்டி வந்தது. தாலிச் சங்கிலியில் கை வைத்து ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். ஒரு மஞ்சள் கயிறு கொண்டு வந்திருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது, அப்போது ரெண்டு பேருக்கும் தோன்றவில்லை. தலை வழியாகக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி என் சட்டைப் பையில் போட்டு, பையை ஒரு தட்டுத் தட்டி, "எங்கயும் போயிராதிய" என்றாள். நெஞ்சின் மேல் அது ஒரு கல் மாதிரி கிடக்கிறது. மூச்சு இழுத்தால் எழுந்து, மூச்சு விட்டால் இறங்குகிறது. அவள் செருப்பு என் காலடியில் இருக்கிறது. வலது செருப்பு இடது செருப்பின் மேல் ஏறிக் கிடக்கிறது. இந்தச் செருப்பை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். செருப்பைச் சொல்லவில்லை, அது நாற்பத்துநாலு வருஷமாக வாசலில் கிடப்பதுதானே. இப்படி, இதே கோணத்தில், ஆள் இல்லாமல். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்.

அதைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. மாநகராட்சிப் பூங்காவில், பூப்பந்து மைதானத்துக்குப் பின்னால், வாகை மரத்தடியில் ஞாயிறு காலை ஒரு கூட்டம் கூடும். ஏழெட்டுப் பேர். ஜெபமணி டீச்சர்தான் தலைவி, புருஷன் போன பிறகு தூக்கம் வராமல் இதைத் தொடங்கினார்களாம். முறை இதுதான்: இருபது நிமிஷம் கண்ணை மூடி உட்கார வேண்டும். அப்புறம் பேனாவைத் தூக்காமல் ஒரு கவிதை எழுத வேண்டும், அடிக்கக் கூடாது, திருத்தக் கூடாது, யோசிக்கவும் கூடாது. பிறகு வாசிக்க வேண்டும். யாரும் கை தட்டக் கூடாது, ஆஹா ஓஹோ கூடாது, இது உண்மையா, எப்போ நடந்தது என்று கேட்கவே கூடாது. வாசித்த தாளை மடித்து நடுவில் வைத்தால் வேறொருவர் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்வார். உன் பாரம் ஒரு வீட்டில், இன்னொருத்தர் பாரம் உன் வீட்டில். "சுமந்தவங்களே சுமக்கக் கூடாது அண்ணாச்சி, அதான் கணக்கு" என்பார்கள் டீச்சர். நான் பொழுதுபோக்குக்காகப் போனேன், பக்கத்தில் ஒரு கடையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் உளுந்தங்களி கிடைக்கும் என்பதற்காகவும் போனேன். முதல் வாரம் ஒரு காக்கையைப் பற்றி எழுதினேன், அது என் சைக்கிளைத் திருடிப் போனதாக. எல்லாரும் மரியாதையாக இருந்தார்கள், அவ்வளவுதான். அதற்கு அடுத்து டீச்சர் தன் புருஷனுடைய மூக்குக் கண்ணாடியைப் பற்றி நாலு வரி வாசித்தார்கள். அப்போது ஒரு மௌனம் வந்தது பாருங்கள். வாகை மரத்திலிருந்து காய் உதிர்ந்தாலும் சத்தம் போடாமல் உதிர்ந்திருக்கும். எனக்கு அந்த மௌனத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. முப்பத்தோரு வருஷம் மைக்கில் கத்தியும் எனக்கு ஒரு தடவைகூட வராத மௌனம்.

அடுத்த ஞாயிறு கண்ணை மூடினேன். திருட்டு எண்ணத்தோடுதான் மூடினேன், ஒளிக்கவில்லை. ஆனால் மூடினதும் என் வீட்டு வாசல் வந்தது. செருப்பு வந்தது, வலது மேல் இடது, இல்லை, இடது மேல் வலது. அடுப்படியில் சத்தமில்லை. கூப்பிட்டேன். வீடு என் குரலை எனக்கே திருப்பிக் கொடுத்தது. எனக்கு வியர்த்துவிட்டது. பேனா தானாக ஓடியது. அதைப் பொய் என்று எப்படிச் சொல்வேன், பயம் அது, ஒவ்வொரு வீட்டுக்காரனும் பல் தேய்க்கும்போது ஒரு தடவை படுகிற பயம். வாசித்தேன். மௌனம் வந்தது. எனக்கே எனக்கு. அத்தோடு முடிந்திருந்தால் இன்றைக்கு நான் செருப்பைப் பார்த்துப் பயப்பட மாட்டேன். போஸ்ட் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற தளவாய், நல்ல மனுஷன், விதியை மீறி என் தோளில் கை வைத்து, "எப்பம்யா?" என்று கேட்டுவிட்டார். வீட்டில்தான் இருக்கிறாள், இப்போ அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பாள் என்று சொல்ல வேண்டியதுதானே? வாயைத் திறந்தேன். திறந்த வாய் சொன்னது, "போன தை மாசம்." அவ்வளவுதான். மூணே வார்த்தை. தளவாய் அழுதார். டீச்சர் அழுதார்கள். நானும் அழுதேன், அதுவும் சத்தியம், நிஜக் கண்ணீர். வீட்டுக்குப் போனால் உலகம்மாள், "களி வாங்கிட்டு வரலியா?" என்று கேட்டாள்.

மூன்று வருஷத்தில் நூறுக்கு மேல் எழுதிவிட்டேன். அவள் பேரையே போட்டு எழுதினேன். வேறு பேர் வைத்துப் பார்த்தேன், எந்தப் பேரும் அந்த வரியில் உட்கார மாட்டேன் என்றது. வீட்டுக்கு வந்ததும் ஞாபகத்திலிருந்து பழைய டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் ஒரு பிரதி எழுதி டிரங்குப் பெட்டியில் போடுவேன். நான் அவளிடம் சொல்லாத எதையெல்லாம் அதில் சொல்லியிருக்கிறேன்! பிரசவத்துக்குப் போகும்போது பஸ்ஸில் என் கையைக் கடித்தாளே, அந்தத் தழும்பைப் பற்றி. அவள் கோலம் போட்டு நிமிரும்போது இடுப்பில் கை வைத்து வானத்தைத் திட்டுவதுபோல் பார்ப்பதைப் பற்றி. சரி, எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன ஆடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து வளையல் கழன்று வாளித் தண்ணீரில் விழுந்தது. "மெலிஞ்சுட்டேன் போல, உங்களுக்கு வாக்கப்பட்டு இப்பதான் அழகா ஆயிருக்கேன்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாளித் தண்ணீரில் வளையல் விழும் சத்தம், கையைத் தேடினேன், தண்ணீர் மட்டும் வட்டம் போட்டது. இது நான் எழுதியது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால். தற்செயல் என்று வைத்துக்கொண்டேன். ஐப்பசியில் ஒருநாள் காபித் தம்ளரைத் தள்ளி வைத்தாள். "மண்ணெண்ண வாடை அடிக்கு." காபிக்காகவே காலையில் எழுந்திரிக்கிறவள். அதையும் எழுதியிருந்தேன், கடைசி மாதத்தில் அவளுக்குக் காபி பிடிக்காமல் போனது என்று, ஒரு சோகத்துக்காக, அவளைத் தெரிந்தவர்களுக்கு அதைவிடச் சோகம் இல்லையே என்று. போன வாரம் டாக்டர் அவள் வலது விலாவுக்குக் கீழே அமுக்கிப் பார்த்து, "இந்த இடத்துல ஒரு நிழல் மாதிரி தெரியுது, ஸ்கேன் பண்ணிப் பாத்துருவோம்" என்றார். நிழல் என்றார். கட்டி என்று சொல்லியிருக்கலாம், வீக்கம் என்று சொல்லியிருக்கலாம், ஊரில் டாக்டர்களுக்கு வார்த்தையா இல்லை? என் வார்த்தையை எங்கிருந்து எடுத்தார்?

இதேபோல் ஒருதடவை நடந்திருக்கிறது. வள்ளியூர் வண்டி வரவில்லை என்று கூட்டம் என் ஜன்னலை உடைக்கப் பார்த்தது. "அச்சு முறிஞ்சு நடுவழியில கிடக்கு, போங்கய்யா" என்று கத்தினேன், வாய்க்கு வந்ததைத்தான். கால் மணி நேரத்தில் போன் வந்தது. அச்சு முறிந்து நடுவழியில் கிடந்தது. அன்று முழுக்க நான் மைக்கைத் தொடவில்லை. அதற்கப்புறம் சிரித்து மறந்துவிட்டேன். மறந்தேனா? இப்போது எப்படி வருகிறது அந்த போன் சத்தம், இந்த ஹாலில், இத்தனை தெளிவாக. நேற்று ஒரு வழி தோன்றியது. எழுதினதால் ஆனது என்றால் எடுத்தால் போய்விடும். தாள்களையெல்லாம் திரும்ப வாங்கிக் கிழித்துவிட வேண்டும். ஆனால் தாள்கள் என்னிடமா இருக்கின்றன? தளவாய் வீட்டில், டீச்சர் வீட்டில், யார் யார் வீட்டு பீரோவிலோ, பைபிளுக்குள்ளோ, சாமி படத்துக்குப் பின்னாலோ, ஒவ்வொரு வீட்டிலும் உலகம்மாள் மடித்து வைக்கப்பட்டுச் செத்துக் கிடக்கிறாள். கேட்டால் ஏன் என்பார்கள். ஏன் என்றால் அவள் சாகவில்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னாலே போதுமோ? ஒரே ஒரு ஆளிடம் வாய் விட்டு, என் பெண்டாட்டி உயிரோடு இருக்கிறாள் என்று. அதைவிடச் சின்ன வேலை உலகத்தில் உண்டா.

நாற்காலி வரிசை ஆடியது. "அண்ணாச்சி! நீங்களா?" முழங்கால் படம் எடுத்த கவரை மடியில் வைத்துக்கொண்டு ஜெபமணி டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். "யாருக்கு என்ன செய்யுது?" பாருங்கள், கேட்டதும் கொடுத்தாயிற்று, நான் தேடிப் போக வேண்டிய ஆள் தானாக வந்து உட்கார்ந்து கேள்வியையும் கேட்டாயிற்று. பையில் தாலி எழுந்து இறங்கியது. "கொழுந்தியா," என்றேன். "அவ தங்கச்சி." டீச்சர் என் கையைப் பிடித்தார்கள். "அக்காவும் இப்படித்தானே போனாங்க, விலாவுல நிழல்னு எழுதியிருந்தீங்களே. அதே வீட்டுக்குள்ள இன்னொண்ணா? கர்த்தர் பாத்துக்குவார் அண்ணாச்சி." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "போன ஞாயித்துக்கிழமை எழுதினீங்களே, அது என்கிட்டதான் இருக்கு. பைக்குள்ளேயே வச்சிருக்கேன். வீட்ல வைக்க மனசு வரல." போன ஞாயிறு மழை. வாசிக்க என் முறை வருவதற்குள் பிடித்துக்கொண்டது, டீச்சர் எல்லார் தாளையும் வாரிப் பைக்குள் திணித்தார்கள், ஓடினோம். அதை நான் பிரதி எடுக்கவில்லை. என்ன எழுதினேன் என்று ஞாபகமே இல்லை. பேனாவைத் தூக்காமல் எழுதினது, அது எழுதிக்கொண்டு போனது. வளையல், காபி, நிழல், அதற்கப்புறம் என்ன? அதற்கப்புறம் உள்ளது அந்தப் பைக்குள், சாவிக்கொத்துக்கும் இருமல் மிட்டாய்க்கும் நடுவில். "அதுல என்ன டீச்சர் எழுதியிருந்தேன்?" "வச்சிருக்கவங்க சொல்லக் கூடாதுல்ல," என்றார்கள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டு. "உலகம்மாள் வீட்டுக்காரர் யாரு? டாக்டர் கூப்பிடுறாங்க." ஹாலில் இருந்த எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். டீச்சர் என் கையை விட்டார்கள். "உலகம்மாளா?" என்றார்கள், தனக்குள் கேட்பதுபோல. எழுந்திரு. எழுந்திருவே சங்கரநயினார், உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள், நாற்பத்துநாலு வருஷமாக நீதானே அது, இந்த ஊரில் உனக்கு வேறு என்ன பேர் இருக்கிறது, டைம் கீப்பர் வேலைகூடப் போய்விட்டது. கால் தரையில் இருக்கிறது. கால் என்னுடையதாகத்தான் இருக்கிறது. சொல், டீச்சர், அவ சாகல, நான் ஒரு நாசமாப்போன பொய்யன். மூன்று வருஷம் எனக்காக அழுத கண் ஒரு முழம் தூரத்தில் என்னைப் பார்க்கிறது. "உலகம்மாள் வீட்டுக்காரர் இல்லியா?" ரெண்டாவது தடவை. சுவரில் கடிகாரம், பத்து பதினேழு, இந்தா வந்துருவான், பத்து நிமிஷம். "ஒரே பேருல எத்தனை பேரோ," என்றேன் டீச்சரிடம். கதவு சாத்திக்கொண்டது. அவ்வளவு மெதுவாக ஒரு கதவு சாத்தி நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் அரைமணியோ முக்கால் மணியோ. டீச்சர் ஏதோ பேசினார்கள், நான் ஏதோ தலையாட்டினேன். கதவு திறந்து அவளே வந்தாள். பெரிய கவரை மார்போடு அணைத்துக்கொண்டு, வெறுங்காலோடு, வெறுங்கழுத்தோடு. என்னைப் பார்த்தாள். என் பக்கத்தில் டீச்சரைப் பார்த்தாள். "கூப்பிட்டது உங்க காதுல விழலியோ?" என்றாள். டீச்சர் எழுந்து நின்றார்கள். "நீங்க…" என்று இழுத்தார்கள். இப்போது சொல்லிவிடு. இதுதான் கடைசி வண்டி. வாயைத் திறந்தேன், திறந்துதான் இருந்தது. உலகம்மாள் டீச்சரை மேலும் கீழும் பார்த்தாள், வாகை மரத்தடிக் கூட்டத்தை ஒரே பார்வையில் அளந்ததுபோல. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்து உடனே எழுந்து போனது. "நான் அவ தங்கச்சி," என்றாள். "அக்கா போயி மூணு வருஷமாச்சு. என் பேரும் அதான், எங்க ஊரு அம்மன் பேரு, வீட்ல எல்லாத்துக்கும் அதைத்தான் வைப்பாக." டீச்சர் கண் நிறைந்துவிட்டது. பையைத் திறந்து ஒரு மடித்த தாளை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார்கள். "உங்க அக்காவைப் பத்தி எழுதினது. என்னால சுமக்க முடியலம்மா. நீங்க வச்சிருங்க."

ஆட்டோவில் நான் அவள் பக்கம் திரும்பவில்லை. பாலம் தாண்டினதும் அவள் சொன்னாள், "டிரங்குப் பெட்டிய நீங்க பூட்டுறதே இல்ல. பொங்கலுக்குத் தூசி தட்டும்போது முத வருசமே பாத்துட்டேன், ஞாயித்துக்கிழமை அத எங்க போயி வாசிக்கியன்னு தெரியாதாக்கும். வளையல் விழுந்த அன்னைக்கு உங்க மூஞ்சி போன போக்கப் பாத்து எனக்கும் திக்குன்னுதான் ஆச்சு." "ஏன்டி கேக்கல?" "கேட்டா எழுத மாட்டிய. அதுல நான் எம்புட்டு நல்லவளா இருக்கேன். வீட்டுல ஒரு வார்த்த கிடையாது, செத்தாதான் உங்களுக்கு எங்கூடப் பேச வருது." ஆட்டோக்காரன் கண்ணாடியில் எங்களைப் பார்த்தான். "அந்தம்மா மூஞ்சியப் பாத்து நான் உசுரோடதான் இருக்கேன்னு எப்படிங்க சொல்ல? அழுது அழுது எனக்காக அந்தக் கண்ணு எப்படி இருக்கு." என் கை சட்டைப் பைக்குப் போனது. கைக்குட்டையை எடுத்து நீட்டினேன். "இருக்கட்டும், வீட்டுல போயி போட்டுக்கிடுதேன்" என்றாள். இன்னும் போட்டுக்கொள்ளவில்லை. என் பையில்தான் இருக்கிறது. நீட்டும்போதெல்லாம் கை ஈரம், மாவு கை, இந்தா வாறேன் என்கிறாள்.

இப்போது மணி ஒன்று. சாப்பாட்டு மேசையில் ரெண்டு தாள். ஒன்று டீச்சர் கொடுத்தது. வந்ததும் அதைத்தான் பிரித்தாள். மழையில் மை கரைந்து நீலமாக ஒரு குளம். உலகம்மாள் என்ற பேர் மட்டும் ஓரத்தில் தப்பிக் கிடக்கிறது, மற்றதெல்லாம் தண்ணீர். மை முழுக்கக் கரையும் முன்னால் டீச்சர் வாசித்திருப்பார்கள். அதனால்தான் அந்த முகம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தோம், திருப்பிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. "சரி, போவுது, புதுசா எழுதுங்க" என்றாள். "என்னத்த எழுத?" "நான் இருக்கேன்னு எழுதுங்க. எழுதி முடிங்க, அப்புறமா அந்தக் கவரப் பிரிப்போம். அதுவரைக்கும் தொடக் கூடாது." ரெண்டாவது அந்தக் கவர். உறைவாயை ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே என்னிடம் சொல்லக் கூப்பிட்டது என்னவோ அது இருக்கிறது. கண்ணை மூடி இருபது நிமிஷம் உட்கார்ந்தேன். எழுதினேன்: உலகம்மாள் இருக்கிறாள். படித்துப் பார்த்தால் முதலை பஸ்ஸில் ஏறிய கதை மாதிரி இருக்கிறது. அடித்தேன். முறைப்படி அடிக்கக் கூடாது, அடித்தேன். அவரைக்காய் நறுக்குகிறாள் என்று எழுதினேன், காபி குடிக்கிறாள் என்று எழுதினேன், ஒவ்வொன்றும் பல்லை இளித்தது. செத்ததை எழுதும்போது எல்லாம் மெய்யாக வந்ததே, ஏன். அதனால்தான் கவிதையை விட்டுவிட்டு இப்படி நீட்டி நடந்ததை நடந்தபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். பேனாவைத் தூக்கினால் முடிந்தது என்று ஆகிவிடும். முடிந்தால் அவள் வந்து கவரைப் பிரிப்பாள். அடுப்படியில் தாளிக்கிற சத்தம் கேட்கிறது, கடுகு வெடிக்கிறது. உங்களுக்கும் கேட்கிறதுதானே? கேட்கிறது என்று சொல்லுங்கள். "இன்னுமா முடியல?" என்கிறாள். "இந்தா, பத்து நிமிஷம்," என்கிறேன். கையைத் துடைத்துக்கொண்டு வருகிறாள் போல, சத்தம் நின்றுவிட்டது. இதை மடித்துத் தருகிறேன், வீட்டுக்குக் கொண்டுபோய் நல்ல இடமாகப் பார்த்து வையுங்கள், சாமி படத்துக்குப் பின்னால் வேண்டாம், வெளிச்சம் படுகிற இடம். யாராவது கேட்டால், உலகம்மாள் என்று ஒருத்தி இருக்கிறாள் என்று அடித்துச் சொல்லுங்கள். யார் சொன்னது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் பேரைச் சொன்னால் ஊரில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.